கையால் அணைத்த கற்பூரம்

ஆறாங்கட்டைத் தோட்டம்,
செர்டாங், கெடா.
பிப்ரவரி 9

அன்புள்ள தம்பி புவனேசனுக்கு,

அக்கா மருதம்மாள் எழுதுவது. நீ, சுகந்தினி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன்.

உன் கைப்பேசிகளை விசாரணை ஆணையம் வாங்கி வைத்துக்கொண்டதாம். ஆபீசுக்கு அடித்தால் ஒரு பெண் “டத்தோ மீட்டிங்ல இருக்காரு ஆன்ட்டி” என்கிறாள். எப்போது அடித்தாலும் மீட்டிங். நீ அலோர் ஸ்டார் விடுதியில் படித்தபோது மாதா மாதம் எழுதுவேனே, அதுபோல எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

செர்டாங்கில் செம்பருத்தி நிதியின் கதவை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். முதலாளிகள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ தெரியாது. கவுண்டரில் உட்கார்ந்து ரசீது கொடுத்த என் மகள், உன் மருமகள் யோகேஸ்வரி மட்டும் இங்கே இருக்கிறாள். அவளைப் போலீஸ் பாலாய்க்கு இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள்.

சனங்கள் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். வராமல் என்ன செய்வார்கள்? முன்பெல்லாம் ஊர்ப் பணத்தை வாங்கி வைக்க பேங்காக இருக்க வேண்டும், மேலே அரசாங்கத்தின் கண் இருக்க வேண்டும். நீ துணையமைச்சராக இருந்தபோது அந்தச் சட்டத்தைத் தளர்த்தி, பதிந்த கம்பெனி எதுவும் வாங்கலாம் என்று கொண்டுவந்தாய். அதோடு விட்டாயா? நம் தோட்டத்துக் கோயிலில் வைத்து அந்தக் கம்பெனியைத் திறந்தாய். பூசாரி தேவன் ஏற்றிய கற்பூரத் தட்டு என் கையில் இருந்தது. அத்தனை பேர் பார்க்க, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். “கற்பூரத்த அணைச்சிட்டாருல்ல, அப்புறம் என்னலா பேப்பரு” என்று பழனியாண்டி அண்ணன் அன்றைக்கே சொன்னார். தோட்டம் விற்றபோது கிடைத்த நட்ட ஈடு, சேமநிதி எல்லாம் அப்படிப் போனதுதான்.

நீ ஒரு நடை வா. வந்து, சட்டம் நான் கொண்டுவந்தது, கம்பெனிக்கு நான் பொறுப்பு சொன்னேன், இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல். அது போதும், அவள் தலை தப்பிக்கும்.

அத்தானுக்குக் காலில் சின்னப் புண். சர்க்கரை உடம்பு, மெதுவாகத்தான் ஆறும்.

உன் அக்கா,
மருதம்மாள்


கோலாலம்பூர்
பிப்ரவரி 27

பாசமிகு அக்கா அவர்களுக்கு,

வணக்கம். இறையருளால் இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்கும் என நம்புகிறேன். அத்தானின் கால் புண்ணைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் சில உண்மைகளைத் தோட்ட மக்கள் உணர வேண்டும். இது உலகச் சந்தையில் ஏற்பட்ட நெருக்கடி. செம்பருத்தி மட்டுமல்ல, நாடு முழுவதும் இதுபோன்ற பல நிறுவனங்கள் நொடித்துவிட்டன; அவற்றுக்குக் கடன் கொடுத்த பெரிய வங்கிகளே ஆடிப்போயிருக்கின்றன. அந்தச் சட்டத் திருத்தம் அமைச்சரவையின் கூட்டு முடிவு. நான் மக்களவையில் தாக்கல் செய்தேன், அவ்வளவே. வங்கிகள் உள்ளே விடாத ஏழைகளுக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. உள்ளே வந்தவர்கள் திருடினால் கதவைக் குறை சொல்வதா?

கற்பூரம் பற்றி எழுதியிருந்தீர்கள். அது திறப்புவிழாப் பூசையின் ஒரு பகுதி. உணர்ச்சிப் பெருக்கில் செய்தது. அதைச் சத்தியம் என்று எடுத்துக்கொண்டது அவர்களின் வெகுளித்தனம்.

தீபாவளிக்கு வந்தபோது உங்கள் சமையலறையில் நான் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கலாம். அதை இனிப் பேச வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

யோகேஸ் தைரியமாக இருக்கட்டும். பொறுமை எல்லாவற்றையும் சரியாக்கும்.

தங்கள் அன்புத் தம்பி,
புவனேசன்


செர்டாங்
மார்ச் 6

தம்பி புவனேசனுக்கு,

சுகம்தானே? உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். உலகச் சந்தை என்று வந்த இடத்தில் அத்தான் நிறுத்தச் சொன்னார். “எனக்குக் கூலிம் சந்த தெரியும், பாரிட் புந்தார் சந்த தெரியும். இது எங்க இருக்காம்?” என்றார். சிரித்தோம். சிரித்து நாளாகியிருந்தது.

நேற்றைக்கு மறுபடி சிரிக்க வழியில்லை. யோகேசைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நம்பிக்கை மோசடியாம். கடைசி வாரம் வரை பணம் வாங்கினாளாம். வாங்கச் சொன்னவன் ஓடிவிட்டான், வாங்கியவள் கையில் விலங்கு. என் கண் முன்னால்தான் மாட்டினார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்தது யார் சிபாரிசில் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெகுளித்தனம் என்று எழுதினாயே. நீயும் அதே லயத்தில் பிறந்தவன்தானே. அப்பா காலத்தில் மாடு காணாமல் போனாலும், புருசன் பெண்டாட்டி சண்டை என்றாலும், கற்பூரத்தை அணைத்தால் அதோடு பேச்சு முடிந்தது. அதற்கு மேல் கேட்பவன் மனிதனே இல்லை. அது உனக்குத் தெரியாமலா கையை வைத்தாய்? தெரிந்துதான் வைத்தாய். தெரியும் என்பதால்தான் உன்னைக் கூட்டிவந்து அந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

பழனியாண்டி அண்ணன் தினமும் வருகிறார். வைதாலும் தாங்கிக்கொள்வேன். வாசலில் அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, “தம்பி ஏதும் போன் பண்ணுச்சா மருதம்மா” என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணி கொடுத்தால் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

நீ வர வேண்டும். பெண்ணை மீட்க வேண்டும். தாய்மாமன் என்று சபையில் உட்கார்ந்து மாலை வாங்கிக்கொள்வதற்கு மட்டுமா?

அக்கா,
மருதம்மாள்


கோலாலம்பூர்
மார்ச் 30

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நலம். அத்தான் கால் எப்படி இருக்கிறது?

யோகேஸ் செய்தி கேட்டு நானும் சுகந்தினியும் சாப்பிடவில்லை. வழக்கறிஞர் மனோகரனை அனுப்புகிறேன். சுங்கைப்பட்டாணியில் பெயர் பெற்றவர். ஜாமீன் எடுத்துவிடுவார். செலவு முழுவதும் என்னுடையது. வழக்கின் பிரிவையே குறைத்து, சிறையில்லாமல் முடித்துவிடலாம் என்கிறார்.

இன்னொரு விசயம். ஆணையம் மே மாதம் சுங்கைப்பட்டாணியில் கூடுகிறது. தட்டு ஏந்தியவர் என்பதால் உங்களையும் சாட்சிக்கு அழைக்கப்போகிறார்கள். நான் தனிப்பட்ட முறையில் உறுதி கொடுத்தேனா என்பதுதான் அவர்கள் தோண்டுவது. கொடுத்தேன் என்று வந்தால் என் அரசியல் அன்றோடு முடிந்தது. அதன்பின் வழக்கும் வரலாம். நீங்கள் பொய் சொல்ல வேண்டாம் அக்கா. புகையாக இருந்தது, சரியாகத் தெரியவில்லை என்று சொன்னால் போதும். புகை இருந்தது உண்மைதானே.

மற்றவற்றை மனோகரன் நேரில் விளக்குவார். இந்தக் கடிதத்தைப் படித்தபின் கிழித்துவிடுங்கள்.

புவனேசன்


செர்டாங்
ஏப்ரல் 19

தம்பிக்கு,

யோகேஸ் ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த உதவியை மறுக்க மாட்டேன். வந்ததிலிருந்து முன் கதவைத் திறக்க விடமாட்டேன் என்கிறாள். சனங்கள் வருகிற சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்விடுகிறாள்.

உன் மனோகரன் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. புகை, புகை என்று எனக்கு மூன்று தரம் பாடம் நடத்தினார். எழுந்து போகும்போது, “அம்மா ஒத்துழைச்சா மகளோட கேஸும் லேசாயிரும், எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம்தான்” என்றார். புரிந்துகொண்டேன்.

பழனியாண்டி அண்ணன் இறந்துவிட்டார். மகனைப் பார்த்து வருகிறேன் என்று தஞ்சோங் டாவாய் போனவர் திரும்பவில்லை. ஆற்று முகத்தில் மீன்பிடிப் படகுக்காரர்கள் கண்டெடுத்தார்கள். தவறி விழுந்தாரா, இறங்கினாரா, யாருக்கும் தெரியாது. செருப்பைக் கரையில் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தாராம். அவர் மனைவி பிரேமாவதி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைத் தள்ளிவிட்டு வைதிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. “ஒங்க தம்பி கையில சுடலியா அக்கா அன்னிக்கு” என்று மட்டும் கேட்டாள்.

நாற்காலி வாசலிலேயே கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்க மனசு வரவில்லை.

அக்கா,
மருதம்மாள்


கோலாலம்பூர்
ஏப்ரல் 30

அக்கா,

பழனியாண்டி அண்ணன் மறைவு என்னை உலுக்கிவிட்டது. என் பெயரில் மலர்வளையம் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்து சேர்ந்ததா?

சாட்சி பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அத்தானைப் பற்றியும் எழுதவில்லை.

எனக்கும் தூக்கம் இல்லை அக்கா. நீங்கள் என்னைத் திருடன் என்று நினைக்கிறீர்கள். ஒரு காசு நான் தொடவில்லை. அப்பா வீட்டுக்கடன் கேட்டு பேங்கு வாசலில் நின்றபோது பக்கத்தில் நானும் நின்றேன். தோட்டத்து ஆளுக்குக் கொடுக்க மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அந்த வாசலை உடைக்கிறேன் என்று நினைத்துத்தான் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தேன். அதை எழுதிக் கொடுத்தவர்கள் யார், யாருக்காக எழுதினார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் பதவி இருந்திருக்காது. நம் ஆட்களில் ஒருவனாவது மேலே இருக்க வேண்டாமா?

சாட்சிக் கூண்டில் நீங்கள் ஏதாவது தவறாகச் சொன்னால் மனோகரன் வழக்கை விட்டுவிடுவார். யோகேசுக்குச் சிறைதான். நான் மிரட்டவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். ஒரு பக்கம் உங்கள் தம்பி, ஒரு பக்கம் உங்கள் மகள், இரண்டு பேரையும் நீங்கள் காப்பாற்றலாம். ஒரே வார்த்தை.

புவனேசன்


செர்டாங்
மே 22

புவனேசா,

செய்தி உனக்கு முன்பே வந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் கேள்.

போவதற்கு முந்தின நாள் யோகேசிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புகை, மனோகரன், நீ எழுதியது எல்லாம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். “நீ பொகன்னு சொல்லி நான் வெளிய இருந்தா, பிரேமாவதி அத்தை மூஞ்சிய எப்படிமா பாக்குறது? பணம் வாங்குனது நான்தான்லா. என் கையாலதான் எண்ணி வாங்குனேன். மாமா பேரச் சொல்லித்தான் வாங்குனேன். நீ நடந்தத சொல்லு” என்றாள். பயந்துகொண்டேதான் சொன்னாள்.

ஆணையத்தில் உன் தரப்பு ஆள்தான் கேட்டார், புகை இருந்ததா என்று. “கற்பூரம்னா பொக இருக்கும்தான் ஐயா. ஆனா தட்டு என் கையில இருந்துச்சு. அவரு கை விழுந்த வேகத்துல தட்டு தாழ்ந்துச்சு. நான்தான் தாங்கிப் பிடிச்சேன். அப்புறம் கை கழுவ தண்ணி ஊத்துனதும் நான்தான்” என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

நானும் அதோடு எழுந்து வந்திருக்கலாம். நீ எழுத வேண்டாம் என்று சொன்னதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். தீபாவளியன்று நான் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தபோது நீ அடுப்படிக்கு வந்து, “அத்தான் கம்பெனியில போட்ட டூயிட்ட பொங்கலுக்குள்ள எடுத்துருங்க அக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்றாய். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். “எல்லாரும் ஒரே நேரத்துல எடுத்தா கம்பெனி விழுந்துரும்லா” என்றாய். விழப்போகிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் நாடாளுமன்றத்திலே வாய் திறக்கவில்லை, பேப்பரிலே சொல்லவில்லை. என் அடுப்படியிலே வந்து சொன்னாய்.

அத்தானிடம் அன்றைக்கே சொன்னேன். “மச்சான் கற்பூரத்த அணைச்சது எனக்கு மட்டுமா? நாம மட்டும் எடுத்துட்டா அதுக்குப் பேரு என்ன மருதம்” என்று கேட்டார். எடுக்கவில்லை. ஊருக்கும் சொல்லவில்லை. தம்பியைக் காட்டிக் கொடுக்க வாய் வரவில்லை. அதையும் அங்கே சொன்னேன். பிரேமாவதி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கொண்டாள்.

என்னைக் கோபித்துக்கொள். ஆனால் பதில் எழுது. நீ இப்போதாவது வந்து ஆமாம் என்று சொன்னால், யோகேஸ் மேலே இருந்தவர்கள் சொன்னதைச் செய்தவள் மட்டும்தான் என்று கோர்ட்டுக்குத் தெரியும்.

மருதம்மாள் அக்கா


கோலாலம்பூர்
ஜூன் 12

திருமதி மருதம்மாள் இருளப்பன் அவர்களுக்கு,

வணக்கம். தங்களின் மே 22 கடிதம் கிடைக்கப்பெற்றது. விசாரணை நடைபெற்று வருவதால் அதன் உள்ளடக்கம் குறித்துக் கருத்துரைக்க இயலாத நிலையில் டத்தோ அவர்கள் உள்ளார். பணிச்சுமை காரணமாக வழக்கறிஞர் திரு. மனோகரன் தங்கள் மகளின் வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறார் என்பதையும் தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்.

தாங்களும் குடும்பத்தாரும் நலமுடன் வாழ டத்தோ அவர்களின் நல்வாழ்த்துகள்.

டத்தோ புவனேசன் அவர்களுக்காக,
அந்தரங்கச் செயலாளர்


செர்டாங்
ஜூலை 20

புவனேசனுக்கு,

உன் செயலாளருக்கு என் வணக்கத்தைச் சொல். என் தம்பி கடிதத்தில் நான் பார்க்காத அழகு அவர் கையெழுத்தில் இருக்கிறது.

ஆணையத்தின் அறிக்கையைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வாசித்து விளக்கினார். கண்காணிப்பு பலவீனமாக இருந்ததாம். பாடம் கற்க வேண்டுமாம். கூட்டு முடிவு என்பதால் தனிப்பட்ட யாரையும் பொறுப்பாக்க முடியாதாம். நான் சொன்னது குடும்பப் பேச்சாம், ஆதாரம் ஆகாதாம். முழுப் பக்கத்தில் ஓர் ஆள் பேர் இல்லை.

பேர் போட்டு வந்தது யோகேசுடையதுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மூன்று வருசம். அவ்வளவு பெரிய நெருக்கடியில், நம் வட்டாரத்தில் உள்ளே போனவள் அவள் ஒருத்தி. சிறை லாரியில் ஏற்றும்போது தலையில் முக்காடு போட்டுக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

மருதம்மாள்


கோலாலம்பூர்
ஆகஸ்ட் 2

அன்பு அக்காவுக்கு,

வணக்கம், நலமா? அத்தானின் கால் இப்போது முழுதும் ஆறியிருக்கும் என நம்புகிறேன்.

இடையில் நடந்தவை எல்லோருக்கும் சோதனைக் காலம். யோகேசை நினைத்து மனம் கனக்கிறது. நன்னடத்தைக் குறைப்பு கிடைக்கும். வந்ததும் அவளுக்கு ஒரு வழி செய்வது என் கடமை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரத்தபாசம் அரசியலைவிடப் பெரியது.

ஒரு நல்ல செய்தி. அறிக்கைக்குப் பிறகு கட்சி என்மேல் மீண்டும் நம்பிக்கை வைத்திருக்கிறது. வரும் தேர்தலில் நிற்கிறேன். ஆடித் திருவிழாவுக்கு நம் கோயிலுக்கு வருகிறேன். முதல் மரியாதைக்குக் கோயில் நிர்வாகம் சம்மதித்துவிட்டது. பழையதை மறந்து, நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

என்றும் உங்கள் தம்பி,
புவனேசன்


செர்டாங்
ஆகஸ்ட் 14

புவனேசனுக்கு,

வந்தாய், போனாய். நீ காரில் ஏறிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் நலம் விசாரிப்புக்குப் பதில். பந்தலில் அத்தான் உட்கார்ந்திருந்தார். நீ நேராக அவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “கால் எப்படி இருக்கு அத்தான்” என்று கேட்டாய். போட்டோ எடுத்தார்கள். “பரவால்ல மச்சான்” என்றார் அவர். ஏப்ரலில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், புவனேசா. பழனியாண்டி அண்ணன் காரியம் முடிந்த மறுவாரம். தனியார் ஆஸ்பத்திரியில் முன்பே பார்த்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அதற்கான பணம் எங்கே இருந்தது என்று உனக்குத் தெரியும். நீ எழுதிய கடிதங்களில் எல்லாம் கால், கால் என்று கேட்டாய். ஒரு தடவையாவது நேரில் வந்து பார்ப்பாய் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். வந்தாய். வேட்டி போர்த்தியிருந்தது. நீ குனிந்து பார்க்கவில்லை.

அப்புறம் தீபாராதனை. முதல் மரியாதை உனக்குத்தானே, தட்டு உன்னிடம்தான் முதலில் வந்தது. இந்தத் தடவை கையால் அணைக்கவில்லை, பார்த்தேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். பரிவட்டத்தோடு கும்பிட்டாய். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று உன் ஆட்கள் கூட்டிப் போய்விட்டார்கள்.

தட்டு அதன்பின் பிரேமாவதியிடம் போனது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பூசாரி தேவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவரும் தொடவில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, சத்தியமாக. வரிசையாகத் தட்டு போனது. ஆண், பெண், பிள்ளை குட்டி, ஒருவர் கையும் நீளவில்லை. நீ தொட்ட தீயை யாரும் தொடவில்லை. மேளக்காரனே அடிப்பதை நிறுத்திவிட்டான்.

கடைசியில் என்னிடம் வந்தது. உன் கூடப் பிறந்தவள் என்ன செய்கிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு உன்னைத் தூக்கி வளர்த்ததெல்லாம் நினைப்பு வந்தது. அழுகை வந்தது. யோகேஸ் இந்த நேரம் சிறையில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பாள் என்றும் நினைப்பு வந்தது. நானும் கையை நீட்டவில்லை.

தேவன் தட்டை ஆத்தாள் முன்னால் வைத்துவிட்டு வேறு கற்பூரம் எடுத்து ஏற்றினார். அதைத் தொட்டுக் கும்பிட்டோம். உன்னுடையது தானாக எரிந்து தீர்ந்தது. வீட்டுக்கு வந்தபோது அத்தான், “மச்சான் சாப்பிட்டுட்டுத்தான போனாரு” என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

யோகேஸ் வெளியே வருகிற நாளில் நீ வர வேண்டாம். அவளுக்கு ஒரு வழியும் செய்ய வேண்டாம். இனி நலம் கேட்டும் எழுத வேண்டாம். வாசலில் பழனியாண்டி அண்ணன் நாற்காலி இருக்கிறது. அத்தான் இப்போது அதில்தான் உட்காருகிறார்.

மருதம்மாள்